பரோடாவில் ஒரு சேப்பாக்கம்

2004 டிசம்பர். அப்பா முதல் முறையாக எங்களைப் பார்க்க பரோடா வந்திருந்தார். நவஜீவன் எக்ஸ்பிரஸ்ஸில் ஒன்றரை நாள் உட்கார்ந்து வந்த களைப்பு. ஸ்டேஷனுக்கு வெளியே ஆட்டோ பிடித்து, பெட்டி, தூக்குப்பை, தங்கமணி கேட்டிருந்த வத்தல் வடாம் மூட்டை எல்லாவற்றையும் திணித்துக்கொண்டு கிளம்பினோம். இரண்டு நிமிடம் போயிருக்காது. அப்பா என் முழங்கையை இடித்தார்.

"ஏம்பா, இது நம்ம செனட் ஹவுஸ் மாதிரி இல்ல இருக்கு?"

எட்டிப் பார்த்தேன். மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் கலைப்புலக் கட்டடம். நடுவில் பெரிய கும்மட்டம், அதைச் சுற்றிச் சின்னச் சின்னக் கும்மட்டங்கள், செங்கல்லும் கல்லும் மாறி மாறி வரும் வளைவுகள். அந்த வழியாக ஐந்து வருடமாகப் போய்க்கொண்டிருந்தேன். அது ஒரு "பழைய பில்டிங்", அங்கே திரும்பினால் டிராஃபிக் குறைவு, எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். "ரயில்ல தூங்கியிருக்க மாட்டீங்க. மெட்ராஸ் நினைப்பாவே வந்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டேன். அப்பாவும் விட்டுவிட்டார்.

மனசு கேட்கவில்லை. நான் மாநிலக் கல்லூரியில் படித்தவன். மூன்று வருடம் செனட் ஹவுஸைத் தாண்டித்தான் 27டி-யோ வேறு எதுவோ பிடிக்க நடப்பேன். அப்பா சொன்ன பிறகு அந்தக் கும்மட்டம் கண்ணில் நிற்க ஆரம்பித்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த நண்பர் ஒருவரிடம், யார் கட்டியது என்று கேட்டேன். "சிஷோம் என்று ஒரு வெள்ளைக்காரர். உங்கள் மதராஸிலிருந்து வந்தவர்தானே, தெரியாதா?" என்று திருப்பிக் கேட்டார். என்ன செய்வது, அசடு வழிந்தேன் :-)

ராபர்ட் ஃபெல்லோஸ் சிஷோம். 1840-ல் பிறந்தவர். 1860-களில் மெட்ராஸில் இரண்டு பெரிய கட்டடங்களுக்கு வடிவமைப்புப் போட்டி வைத்தார்கள். இரண்டையும் ஜெயித்தவர் இவர். ஒன்று 1870-ல் முடிந்த மாநிலக் கல்லூரி. இன்னொன்று 1874 முதல் 1879 வரை கட்டிய செனட் ஹவுஸ். பிறகு மவுண்ட் ரோடில் பி.ஆர். அண்ட் சன்ஸ், சென்ட்ரல் பக்கத்தில் விக்டோரியா பப்ளிக் ஹால், திருவனந்தபுரத்தில் நேப்பியர் மியூசியம். கடற்கரைச் சாலையில் 1884-ல் முடிந்த ஜெனரல் போஸ்ட் ஆபீஸும் அவருடையதுதான்.

கடைசியாகச் சொன்னதை வேண்டுமென்றேதான் கடைசியில் வைத்தேன். அப்பா 31 வருடம் வேலை பார்த்தது அந்த ஜி.பி.ஓ.-வில்தான்! காலையில் போய் இருட்டிய பிறகு வந்த கட்டடம். கட்டியவர் பெயர் அவருக்கும் தெரியாது. ஃபோனில் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "மழை பெஞ்சா நம்ம செக்‌ஷன்ல ஒழுகும். ஆனா மே மாசத்துல ஃபேன் இல்லாம உக்காரலாம். மேல அவ்வளவு உசரம்" என்றார்.

அன்று தொடங்கிய கிறுக்கு இது. இந்த ஊரில் எந்தக் கட்டடம் எதற்காக, யாருக்காகக் கட்டப்பட்டது என்று ஞாயிற்றுக்கிழமைகளில் தேடித் திரிந்தேன். தங்கமணி முதலில் தலையில் அடித்துக்கொண்டார், பிறகு தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் எடுத்துக் கொடுத்து அனுப்பினார், கடைசியில் கூடவே வந்தார். நம் மக்கள் நிறையப் பேர் இந்த ஊரிலும் இதுபோன்ற ஊர்களிலும் இருபது, முப்பது வருடம் வாழ்ந்துவிட்டு, "அந்த ஊர்ல இருந்தோம்" என்று ஒரு வரியில் முடித்துக்கொள்கிறோம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கொசுவத்தி சுற்றியே ஆகவேண்டும். 1875-க்குப் போவோம்.

பரோடா அப்போது கெய்க்வாட் மராத்திய மன்னர்களின் தலைநகரம். மல்ஹர்ராவ் என்ற மன்னர், தங்கத்திலேயே பீரங்கி செய்து வைத்துக்கொண்டவர். பிரிட்டிஷ் ரெசிடெண்ட் கர்னல் ஃபேயருக்கு விஷம் வைக்க முயன்றதாக அவர்மேல் குற்றச்சாட்டு. விசாரிக்க அமைத்த கமிஷனில் மூன்று பேர் இந்தியர், மூன்று பேர் ஆங்கிலேயர். கருத்து இரண்டாகப் பிரிந்தது. இருந்தும் அந்த ஆண்டே அவரைப் பதவியிலிருந்து இறக்கி மெட்ராஸுக்கு அனுப்பிவிட்டார்கள். வாரிசு வேண்டும். முந்தைய மன்னரின் விதவை ஜம்னாபாய், நாசிக் பக்கம் கவ்லானா என்ற கிராமத்திலிருந்து கோபால்ராவ் என்ற 12 வயதுப் பையனைத் தத்து எடுத்தார். அந்தப் பையன்தான் மூன்றாம் சயாஜிராவ். 1939-ல் இறக்கும்வரை அவர்தான் மன்னர்.

பையன் வளரும்வரை ராஜ்ஜியத்தை யார் நடத்துவது? இங்கேதான் நம் ஊர் வருகிறது. திவானாக வந்தவர் சர் டி. மாதவராவ். 1828-ல் கும்பகோணத்தில் பிறந்த தஞ்சாவூர் மராத்தியர். பிற்பாடு மாநிலக் கல்லூரியாக மாறிய மெட்ராஸ் உயர்நிலைப் பள்ளியில் பவல் துரையிடம் படித்தவர். திருவாங்கூரில் திவானாக இருந்து பெயர் எடுத்த பின் இந்தூர் போய், அங்கிருந்து 1875-ல் பரோடா வந்தார். திருவனந்தபுரத்தில் "ஸ்டாச்யூ" என்று ஒரு பஸ் நிறுத்தம் உண்டே, அந்தச் சிலை இவருடையதுதான். கஜானாவை ஒழுங்குபடுத்தி, வரி வசூலையும் நீதிமன்றத்தையும் போலீஸையும் துறை துறையாகப் பிரித்து, பையனுக்கு நிர்வாகம் சொல்லிக்கொடுத்து, 1881-ல் பையன் முழு அதிகாரம் ஏற்ற மறுவருடம் விடைபெற்றுப் போனார். கும்பகோணத்துக்காரர் துடைத்து வைத்த பலகையில் சயாஜிராவ் எழுதத் தொடங்கினார் என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது இது பெரிய ஊர். ஆனால் 1901 கணக்கெடுப்பில் சுமார் ஒரு லட்சம் பேர்தான் இருந்தார்கள். நான்கு வாசல் வைத்த பழைய கோட்டை: லஹேரிபுரா, பானிகேட், சாம்பானேர், கெண்டிகேட். நடுவில் மாண்ட்வி மண்டபம். வெளியே விஸ்வாமித்திரி ஆறு, ஆற்றில் முதலை. (முதலை இன்றைக்கும் உண்டு, மழைக்காலத்தில் தெருவுக்கே வந்து விசாரித்துவிட்டுப் போகும்.) அவ்வளவு சின்ன ஊரில் என்ன கட்டினார்கள் என்பதுதான் விஷயம்.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முதலில் கேட்பது லக்ஷ்மி விலாஸ் அரண்மனை. பார்க்க வேண்டியதுதான், நானும் எல்லா விருந்தாளிகளையும் கூட்டிப் போயிருக்கிறேன். சார்லஸ் மான்ட் என்ற ராணுவப் பொறியாளர் வடிவமைத்தது. தன் கணக்கு தப்பு, கட்டியதெல்லாம் இடிந்து விழப்போகிறது என்ற பயம் அவரைப் பிடித்துக்கொண்டதாகவும், அதிலேயே மனம் பேதலித்ததாகவும் சொல்வார்கள். 1881-ல் அவர் இறந்த பிறகு வேலையை எடுத்து முடித்தவர் நம் சிஷோம். 1890-ல் முடிந்தது. மான்ட் பயந்த அரண்மனை 130 வருடத்துக்கு மேலாக அசையாமல் நிற்கிறது. சைட்டில் வேலை பார்க்கும் என் நண்பர்களுக்கு இந்தக் கதையை அடிக்கடி சொல்வேன், கணக்கை இரண்டு முறை சரிபாருங்கள், மூன்றாவது முறை தூங்கப் போங்கள் என்று.

ஆனால் அரண்மனை ராஜாவின் வீடு. ஊரின் சொத்து என்று நான் நினைப்பது வேறு. அதில் முதலாவது, கண்ணுக்கே தெரியாத ஒரு விஷயம். குழாய்த் தண்ணீர்.

1999-ல் நாங்கள் முதலில் குடியிருந்தது ஊருக்குக் கிழக்கே, வாகோடியா ரோடு பக்கம். வேலை அந்தப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில். திருவல்லிக்கேணியில் தெருமுனைக் கைபம்பில் குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்தவன் நான். புது வீட்டில் விடிகாலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிறது. வீட்டுக்கார அம்மாவிடம் ஆச்சரியமாகக் கேட்டால், "அஜ்வா நு பாணி, பாய்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அஜ்வா என்றால் ஏதோ பூங்கா என்றுதான் அப்போது நினைத்தேன். நீரூற்று பார்க்கப் போகிற இடம்.

பிறகுதான் தெரிந்தது. ஊருக்குக் கிழக்கே சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி மண் அணை கட்டி, சயாஜி சரோவர் என்ற ஏரியை உண்டாக்கி, 1892-ல் ஊருக்குக் குழாயில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். வடிவமைத்தவர் ஜகந்நாத் சதாசிவ்ஜி என்ற இந்தியப் பொறியாளர். ஏரி மேட்டில், ஊர் பள்ளத்தில். பம்பு இல்லை, தண்ணீர் தன் எடையிலேயே இறங்கி வரும். கிணற்றையும் குளத்தையும் நம்பி, கோடையில் காலராவுக்குப் பயந்து வாழ்ந்த ஊர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். நூறு வருடத்துக்கு மேல் கழித்து, மெட்ராஸிலிருந்து வந்த ஒருவன் அதே ஏரித் தண்ணீரில் காபி போட்டுக் குடித்தான். சுற்றுலாக் கையேட்டில் அரண்மனை முதல் பக்கத்தில் இருக்கும். என்னைக் கேட்டால் அந்த ஏரியைத்தான் முதல் பக்கத்தில் போடுவேன்.

இரண்டாவது, எழுத்து. 1893-ல் அம்ரேலி வட்டாரத்தில் சோதனையாகக் கட்டாய இலவச ஆரம்பக் கல்வி தொடங்கினார்கள். 1906-ல் ராஜ்ஜியம் முழுக்க. பிரிட்டிஷ் இந்தியாவில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலத்தில் இங்கே செய்துவிட்டார்கள். சரி, பையன் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டான், பள்ளிக்கூடத்தை விட்டதும் படிக்க என்ன இருக்கிறது? படித்தது மறந்துபோகும் அல்லவா? 1906-ல் அமெரிக்கா போன சயாஜிராவ் அங்கே பொது நூலகங்களைப் பார்த்துவிட்டு வந்தார். 1910-ல் வில்லியம் ஆலன்சன் பார்டன் என்ற அமெரிக்க நூலகரையே வரவழைத்துவிட்டார். பார்டன் 1913 வரை இருந்தார். தலைநகரில் ஒரு மத்திய நூலகம், ஊர்களில் கிளைகள், நூலகமே இல்லாத கிராமங்களுக்கு மரப்பெட்டியில் புத்தகங்கள். பெட்டி ஒரு கிராமத்தில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு அடுத்த கிராமத்துக்குப் போகும். மன்னர் தன் சொந்தப் புத்தகங்களில் சுமார் 20,000-ஐ மத்திய நூலகத்துக்குக் கொடுத்தார்.

மாண்ட்வி பக்கம் இருக்கும் அந்த நூலகத்துக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள். இரும்பு அலமாரிகள், மாடிகளுக்குக் கண்ணாடித் தளம். மேலே நடப்பவரின் நிழல் கீழே தெரியும். வெளிச்சம் அடித்தட்டுவரை இறங்கவேண்டும் என்பதற்காகச் செய்தது. நம் சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் மெட்ராஸ் பல்கலைக்கழக நூலகரானது 1924-ல். மெட்ராஸ் மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது 1948-ல். தேவநேயப் பாவாணர் நூலகத்தில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தவன் என்ற முறையில், அந்த மரப்பெட்டிகளுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

மூன்றாவது, கல்லூரி. அப்பா பார்த்து வியந்த அதே கும்மட்டம். 1880-களின் தொடக்கத்தில் பரோடா கல்லூரியாகக் கட்டியது. பிஜாப்பூரின் கோல் கும்பாஸை மனதில் வைத்துச் சிஷோம் எழுப்பினார். இங்கிலாந்தில் படித்துத் திரும்பிய ஓர் இளைஞர் 1893-ல் பரோடா அரசுப் பணியில் சேர்ந்து, பிறகு இந்தக் கல்லூரியில் ஆங்கிலமும் பிரெஞ்சும் சொல்லிக்கொடுத்தார். 1906-ல் கிளம்பி வங்காளம் போனார், 1910-ல் பாண்டிச்சேரி வந்து சேர்ந்தார். ஆமாம், அரவிந்தர்தான். தாண்டியா பஜாரில் அவர் வாழ்ந்த வீடு இன்றும் இருக்கிறது.

எதிர்த்திசையிலும் ஒருவர் நடந்திருக்கிறார். ஓவியர் கே.ஜி. சுப்ரமணியன். கேரளத்தில் பிறந்த தமிழர். மெட்ராஸ் மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போனதால் அரசுக் கல்லூரிகளில் இனிப் படிக்கமுடியாது என்றாகி, சாந்திநிகேதன் போனார். 1951-ல் பரோடாவில் ஆசிரியராகச் சேர்ந்து தலைமுறை தலைமுறையாக ஓவியர்களை உருவாக்கினார். 2016-ல் இந்த ஊரிலேயே காலமானார். சேப்பாக்கத்துச் சிஷோம் கட்டடத்தில் படித்து, பரோடாவில் அவர் எழுப்பிய கும்மட்டத்தின் பல்கலைக்கழகத்தில் வாத்தியாராக இருந்தவர். அவரை நான் ஒரு முறைகூட நேரில் பார்க்கவில்லை என்பதில் எனக்கு இன்னும் வருத்தம்.

இப்போது தஞ்சாவூருக்கு வருவோம்.

1880-ல் சயாஜிராவுக்குக் கல்யாணம். பெண் தஞ்சாவூர் மராத்திய அரச குடும்பத்தைச் சேர்ந்த லக்ஷ்மிபாய். புகுந்த வீட்டில் சிம்னாபாய் என்று பெயர். கல்யாணச் சீராக என்ன வந்தது தெரியுமா? நகை, பட்டு மட்டும் இல்லை; தஞ்சாவூரிலிருந்து ஒரு சதிர்க் குழுவே வந்தது. கௌரா, காந்திமதி என்று இரண்டு நாட்டியக் கலைஞர்கள், கூடவே நட்டுவனார்கள், வாத்தியக்காரர்கள். அரண்மனையின் "கலாவந்த் கார்கானா" என்ற துறையில் சம்பளத்துக்கு வேலை. பாலைக் குதிரைகளின் தேசத்துக்குப் பக்கத்தில், மராத்தி பேசும் தர்பாரில், குஜராத்தி பேசும் ஊரில், தமிழ்ப் பதத்துக்கு அபிநயம் பிடித்தார்கள். நம்மைப் போலவே வேலைக்காக வந்தவர்கள்தான். வந்தவர்கள் இங்கேயே தங்கினார்கள். பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர் என்ன ஆனது தெரியுமா? "தஞ்சாவூர்க்கர்". அந்தக் குடும்பத்தில் வந்த குபேர்நாத் தஞ்சாவூர்க்கர் இந்த ஊரில் பலருக்கு நாட்டிய குரு.

சிம்னாபாய் 1885-ல் காசநோயில் இறந்துபோனார். கல்யாணமாகி ஐந்தே வருடம். அவர் நினைவாக 1896-ல் ராவ்புராவில் ஒரு மணிக்கூண்டு. அதே ஆண்டு, சுர்சாகர் ஏரியின் கிழக்கே, லஹேரிபுரா வாசல் பக்கத்தில் ஒரு பெரிய மண்டபம். அதுதான் நியாய மந்திர், ஊரின் நீதிமன்றம். அதிலும் சிஷோமின் கை உண்டு. நடுக்கூடத்தில் சிம்னாபாயின் சிலை. தஞ்சாவூரிலிருந்து வாழ வந்த ஒரு பெண்ணின் பெயரில், குஜராத்தில் நியாயம் கேட்கும் இடம். எத்தனை தமிழர்கள் அந்தப் பக்கம் புடவை வாங்கப் போய்விட்டு அண்ணாந்து பார்க்காமல் திரும்பியிருப்போம்!

நான் அண்ணாந்து பார்க்க ஒரு காரணம் கிடைத்தது. 2006-ல் ஒரு ஃபிளாட் வாங்கினோம். தமிழனாகப் பிறந்த எல்லோருக்கும் வரும் வியாதிதான், இனிஷியல். ஒரு பத்திரத்தில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் அப்பா பெயர் பின்னால், பான் கார்டில் அப்பா பெயரே என் பெயராக. "சர்நேம் என்ன?" என்று கேட்டவரிடம் இல்லை என்றேன். ஆதார் இல்லாத காலம். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "இந்த மூன்று பேரும் ஒரே ஆள்தான்" என்று அஃபிடவிட் வாங்கி வரச் சொன்னார்கள். நியாய மந்திருக்குப் போனேன். சுற்றிலும் ஸ்டாம்ப் பேப்பர் விற்பவர்கள், நோட்டரிகள், மர மேஜையில் டைப்ரைட்டர் வைத்து உட்கார்ந்த ஆட்கள், டீ, சேவ் உசல், வாய்தாவுக்கு வந்த கிராமத்துச் சனம். கொலை வழக்கிலிருந்து வாடகைத் தகராறுவரை ஒரே கூரையின் கீழ். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நின்று, நான் நான்தான் என்று கையெழுத்துப் போட்டேன். தஞ்சாவூர்க்கர் குடும்பத்துக்கு ஊரே பெயர் கொடுத்துவிட்டது. எனக்கு அப்பா பெயர் சர்நேம் ஆனது. அதை உறுதிசெய்த இடம், தஞ்சாவூர்ப் பெண்ணின் பெயர் தாங்கிய கட்டடம்.

இதுவரை படித்தால், ஆகா என்ன ஊர், என்ன ராஜா என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் கொஞ்ச நாள் தோன்றியது. அப்புறம் ஒரு நாள் காமாட்டி பாக் போனேன்.

சயாஜி பாக் என்பது முறையான பெயர். ஊர்க்காரர்கள் காமாட்டி பாக் என்பார்கள். 1879-ல் மக்களுக்காக ஆற்றங்கரையில் அமைத்த பெரிய தோட்டம். உள்ளே 1894-ல் முடிந்த அருங்காட்சியகம். எகிப்து மம்மியும், கடலோரத்தில் ஒதுங்கிய நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடும் இருக்கின்றன. விலங்குக்காட்சிச் சாலையும் உண்டு. என் பெண் நடை பழகியது அங்கேதான்.

அந்தத் தோட்டத்தில் 1917 செப்டம்பரில் ஓர் இளைஞர் பல மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தார். பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913-ல் அமெரிக்கா போய், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, ஒப்பந்தப்படி பரோடா அரசில் வேலை பார்க்க வந்தவர். பெயர் பீமராவ் அம்பேத்கர். மன்னர் வேலை கொடுத்தார். ஊர் வீடு கொடுக்கவில்லை. தீண்டத்தகாதவர் என்பதால் எந்த விடுதியிலும் இடம் இல்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயர் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு ஆட்கள் வந்து வெளியேறச் சொன்னார்கள். ஒரு இந்து நண்பரும் ஒரு கிறிஸ்தவ நண்பரும்கூட வீட்டில் வைத்துக்கொள்ளத் தயங்கினார்கள். பம்பாய் ரயில் இரவில்தான். அதுவரை போக இடமில்லாமல் இந்தத் தோட்டத்தில் வந்து உட்கார்ந்தார். பல வருடம் கழித்து அவரே இதை எழுதியிருக்கிறார். அவர் உட்கார்ந்த இடத்தை இன்று சங்கல்ப பூமி என்கிறார்கள்.

1999-ல் நான் வாடகைக்கு வீடு தேடியபோது ஆறு வீடு பார்த்தேன். ஐந்தில் முதல் கேள்வி வாடகையைப் பற்றி இல்லை, சமையலறையைப் பற்றி. மீன் சாப்பிடுவீர்களா, எந்த ஜாதி. என் அலைச்சலை அவர் பட்டதோடு ஒப்பிட மாட்டேன். எனக்கு ஆறாவது வீடு கிடைத்தது. ஆபீஸில் என் ஃபைலை யாரும் தூர நின்று வீசவில்லை. ஆனால் அந்த மரத்தடியில் நின்றபோது ஒன்று புரிந்தது. இதே அரசு 1880-களிலேயே தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தது. சட்டம் போட்டது. கட்டடம் கட்டியது. ஆனால் ஒரு ராஜா நூலகத்தின் கதவைத் திறக்க முடியும். வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவரின் கதவையும் அவரால் திறக்க முடியாது. அதை ஊர்தான் செய்யவேண்டும். ஊர் செய்யவில்லை. இந்த ஊரின் பாரம்பரியம் என்று பட்டியல் போட்டால் கும்மட்டத்தோடு அந்த மரத்தடியும் அதில் இருக்கவேண்டும். பெண்ணுக்குத் திமிங்கிலத்தைக் காட்டிய அன்றே அந்த இடத்தையும் காட்டியிருக்கவேண்டும். கொஞ்சம் தாமதமாகத்தான் காட்டினேன்.

2018-ல் நீதிமன்றங்கள் ஊரின் மேற்கே புது வளாகத்துக்குப் போய்விட்டன. போகவேண்டியதுதான், பழைய இடம் போதவில்லை, ஃபைல் வைக்க இடமில்லை, வண்டி நிறுத்த இடமில்லை. நியாய மந்திரை நகர அருங்காட்சியகமாக்கலாம் என்று பேச்சு எழுந்தது. நல்ல யோசனைதான். ஆனால் கோர்ட் போன பிறகு ஒரு முறை அந்தப் பக்கம் போனேன். கதவு பூட்டியிருந்தது. டைப் அடிப்பவர்கள் இல்லை. டீக்கடைக்காரர், "வக்கீல்கள் போனதோடு வியாபாரமும் போச்சு" என்றார். ஒரு வளைவின் மேலே அரசங்கன்று முளைத்திருந்தது. 120 வருடம் ஆயிரக்கணக்கான பேர் நடந்தபோது தெரியாத விரிசல், ஆள் நடமாட்டம் நின்ற இரண்டு மழையில் தெரிய ஆரம்பித்துவிட்டது.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு பழைய விதி உண்டு. ஓடுகிற பம்பு சீக்கிரம் கெடாது. நிறுத்தி வைத்த பம்புதான் துருப்பிடிக்கும். கட்டடமும் அப்படித்தான். ஒழுகினால் திட்ட ஆள் இருந்தால்தான் ஒழுகல் அடைபடும். அப்பாவின் ஜி.பி.ஓ.-வில் 2000-ல் தீப்பிடித்து ஒரு பகுதி நாசமானபோது பழுதுபார்த்து மறுபடி வேலை தொடங்கினார்கள். தபால் போட ஆள் வந்துகொண்டே இருந்தார்கள் அல்லவா. செனட் ஹவுஸ் நெடுநாள் கவனிப்பாரில்லாமல் கிடந்துதான் பழுது பார்த்தார்கள். நியாய மந்திருக்குப் பெயிண்ட் அடிப்பது பெரிய விஷயம் இல்லை. உள்ளே தினமும் ஊர்ச் சனம் போய்வர ஒரு காரணம் வேண்டும். அருங்காட்சியகமோ, நூலகமோ, இலவச சட்ட உதவி மையமோ, ஏதோ ஒன்று. அதைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டா என்று சிலர் கேட்பார்கள், நாம் வெளியூர்க்காரர்கள்தானே என்று. கட்டிய சிஷோம் வெளியூர்க்காரர். ராஜ்ஜியத்தை ஒழுங்கு செய்த மாதவராவ் வெளியூர்க்காரர். புத்தகப் பெட்டி அனுப்பிய பார்டன் வெளிநாட்டுக்காரர். ராணி தஞ்சாவூர். ராஜாவே நாசிக் பக்கம்! வரி கட்டி, தண்ணீர் குடித்து, பிள்ளை படிக்கவைத்த நமக்கு இல்லாத உரிமையா?

கடைசியாக வீட்டுச் சமாச்சாரம் ஒன்று. அப்பா 2016-ல் போய்விட்டார். என் பெண் 2020-ல் அதே கலைப்புலத்தில் பி.ஏ. வரலாறு சேர்ந்தாள். கொரோனா. முதல் வருடம் முழுக்க ஃபோனில் வகுப்பு; கும்மட்டத்தைப் பார்க்கவே இல்லை. கல்லூரி திறந்ததும் முதல் நாள் நான்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். உள்ளே போனவள் மதியம் ஃபோன் செய்தாள். "அப்பா, இங்க ஃபேன் போடாமலே ஜில்லுனு இருக்கு. மேல அவ்வளவு உயரம்!"

தாத்தா ஜி.பி.ஓ.-வில், அப்பா மாநிலக் கல்லூரியில், பேத்தி பரோடாவில். மூன்று தலைமுறை ஒரே ஆள் கட்டிய கூரைகளுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறோம், திட்டம் போட்டுச் செய்ததில்லை. "நம்ம ஊர் எது?" என்று சின்ன வயதில் அவள் கேட்டபோதெல்லாம் திருவல்லிக்கேணி என்றே சொல்லிவந்தேன். இப்போது கேட்டால் இரண்டு ஊரைச் சொல்வேன்.

பரோடாவில் இருக்கும் நம் மக்களுக்கு: அடுத்த ஞாயிறு காலை ஆறரைக்கு சயாஜி பாக்கில் தொடங்குங்கள். சங்கல்ப பூமி, கலைப்புலக் கும்மட்டம், ராவ்புரா மணிக்கூண்டு, நியாய மந்திர், மாண்ட்வி. மொத்தம் நாலைந்து கிலோமீட்டர்தான். வழியில் சேவ் உசல் உண்டு. மத்திய நூலகத்துக்கு மட்டும் வேலை நாளில் போய்க் குழந்தைகளை உறுப்பினராக்கிவிடுங்கள். வேறு ஊரில் இருப்பவர்கள் உங்கள் குழாயில் வரும் தண்ணீர் எந்த ஏரியிலிருந்து வருகிறது, அதை எந்த வருடம் வெட்டினார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். வயதான அப்பா அம்மா ஊரிலிருந்து வந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள். நமக்குப் பழகிப்போய்ப் பார்க்க மறந்ததை அவர்கள் ஆட்டோவில் இருந்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.